தவளைக்கண்ணில் தாய்மாமனுக்கு இடமில்லை

என் வீட்டு ஃப்ரீசரில் வஞ்சிரத் துண்டுகளுக்கும் இறால் பொட்டலத்துக்கும் நடுவில் ஒரு வீல் பேரிங் இருந்தது. பாலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, என் வீட்டுக்காரர்தான் வைத்திருந்தார். விருந்தாளிகள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறால் என்று நினைத்து அதை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டேன். பனி கரைந்ததும் பிரித்துப் பார்த்தால் இரும்பு.

"அத ஏன் எடுத்த? நல்லா குளுந்தாதான் சுருங்கும். சுருங்குனாதான் உள்ள போவும்" என்று கோபித்துக்கொண்டார். அந்தப் பேரிங் போய் உட்கார வேண்டிய இன்னொரு இரும்பு அதே நேரத்தில் என் கேக் அடுப்பில் சூடாகிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் என்ன சாப்பிடுவார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

என் பெயர் இவோன். அவர் பெயர் ஆலேன். முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிற சொல்தா வீடு என்றால் எங்கள் வீடுதான். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷனில் வந்தவர். அவரோடு பென்ஷனில் வந்தவர்கள் எல்லாம் காலையில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுகிறார்கள், மத்தியானம் தூங்குகிறார்கள், சாயங்காலம் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொள்கிறார்கள். பெண்டாட்டிமார்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் பழைய இங்கிலீஷ் கார் பைத்தியம் பிடித்தது.

"பிரான்சு குடுக்குற பென்ஷன வாங்கிக்கினு இங்கிலீஷ்காரன் காருக்குப் போடுறியே, உனக்கே நல்லாருக்கா?" என்று குண்டு உருட்டுகிற கூட்டாளிகள் கேட்டார்கள்.

"நம்ம கார்லாம் ஒழுங்கா ஓடுது. அதுல ரிப்பேர் பண்ண என்னா இருக்கு?" என்றார் இவர். பைத்தியத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும்போலிருக்கிறது.

எங்காவது தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், திண்டிவனமோ கடலூரோ, கிளம்பிவிடுவார். ஒரு துக்க வீட்டில் எல்லாரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர் கொல்லைப்புறம் போய் ஷெட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போன மனிதருக்கு ஒரு பழைய கார் இருந்ததாக யாரோ சொன்னார்களாம். போனால் மோட்டார் பம்புதான் இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டிலேயே மிகவும் துக்கமாக இருந்தவர் இவர்தான்.

கடைசியில் சேதராப்பட்டில் கிடைத்தது. புருஷோத்தமன் என்பவர் பிளாஸ்டிக் வாளிக் கம்பெனி நடத்தி மூடிவிட்டிருந்தார். அந்த ஷெட்டின் மூலையில், உடைந்த வாளிகளுக்கு நடுவில் கார். அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரைக்கும் காரைக் கொடுக்க மாட்டேன் என்று புருஷோத்தமனின் மனைவி சொல்லிவிட்டார். இவர் தினமும் கம்பு வாங்கிக்கொண்டு போய்க் கோழிக்குப் போட்டுவிட்டு வந்தார். எனக்குப் பிரசவமானபோது ஒரு தடவைகூட வந்து பார்க்காத மனுஷன்.

லாரியில் வந்து இறங்கியதை நானும் போய்ப் பார்த்தேன். ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் என்றார். தள்ளுவண்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஹெட்லைட் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் பானெட்டுக்கு மேலே முழித்துக்கொண்டு நின்றன. தவளைக்கண் என்றுதான் இங்கிலாந்திலேயே கூப்பிடுவார்களாம். கூரை கிடையாது. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது, உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடி கிடையாது. சாமான் வைக்க வேண்டுமென்றால் சீட்டை மடக்கிக்கொண்டு பூனை மாதிரி உள்ளே ஊர்ந்து போக வேண்டும். இதையெல்லாம் நான் அன்றைக்கே பார்த்தேன், சொல்லியும் காட்டினேன். பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் எங்கள் வீட்டில் யாருமே பார்க்கவில்லை.

"எதுக்குங்க இது? எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பொலின் பொறந்தப்ப நான் ஜிபூத்தில இருந்தேன். கோயில்ல மொத நன்ம வாங்கினப்ப நூவெல் கலெதோனில. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பரீட்ச, எல்லாம் நீதான் கூட்டிட்டுப் போன. நான் அவள எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல இவோன். கல்யாணத்தன்னிக்கு மட்டும் நானே ஓட்டிக்கினு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவணும். வாடக கார்ல இல்ல. நான் செஞ்ச கார்ல."

என் வாய் அடங்கியது அன்றைக்கு ஒரு நாள்தான். பொலின் எங்களுக்கு ஒரே மகள். வீட்டின் பக்கத்து ஷெட்டைக் காலி செய்து கொடுத்தேன். அப்படிக் கொடுத்தது எவ்வளவு பெரிய தவறு என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது, ஏனென்றால் கார் ஷெட்டோடு நிற்கவில்லை. கியர் பாக்ஸ் ஹாலில் மாதா படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. கார்புரேட்டர் இரண்டும் சாப்பாட்டு மேஜைக்கு வந்தன. இங்கிலாந்திலிருந்து பார்சலில் வந்த சாமான்கள் கட்டிலுக்கு அடியில் போயின. ராத்திரி புரண்டு படுத்தால் கீழே ஏதாவது ஒன்று உருளும்.

டிங்கரிங் வேலைக்குச் செம்மல் வந்தான். அடுத்த தெருவில் பட்டறை வைத்திருக்கிறவன். தரைத் தகட்டைத் தட்டிப் பார்க்க ஒரு சுத்தியலைப் போட்டான், சுத்தியல் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டது. "மிசியே, இது கார் இல்ல. துரு. அதுமேல கொஞ்சம் பெயிண்ட் ஒட்டிக்கினு இருக்குது" என்றான். இவர் அசரவில்லை. இவர் அசந்தது ஸ்பேனரில்தான். வாழ்க்கை முழுக்க மில்லிமீட்டரில் வாழ்ந்தவருக்கு அந்தக் காரில் எல்லாமே இஞ்ச். பன்னிரண்டாம் நம்பர் போட்டால் ஆடுகிறது, பதினொன்று போட்டால் நுழையவில்லை. "மனுஷன் எவனாவது ஒரு இஞ்ச்ச பதினாறா வெட்டி அதுல ஏழுன்னு ஒரு ஸ்பேனர் செய்வானா?" என்று இங்கிலீஷ்காரனை, அவன் ராணியை, அவன் தேநீரை எல்லாம் திட்டிக்கொண்டே இஞ்ச் ஸ்பேனர் செட்டை வரவழைத்தார்.

பச்சை நிறத்துக்கு இன்னொரு சண்டை. அந்தக் கார் பிறந்தபோது இருந்த அதே இலைப்பச்சைதான் வேண்டும் என்று இவர் நிற்க, செம்மல் கலந்து கலந்து காட்ட, இவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, எங்கள் காம்பவுண்டுச் சுவர் முழுக்கப் பச்சைப் பச்சையாகத் திட்டு. ஒரு வழியாகச் சம்மதித்த நிறத்தைப் பார்த்துச் செம்மல் பெருமூச்சு விட்டான். "இத பள்ளிக்கூட கேட்டுக்குப் போன வருஷமே அடிச்சேன் மிசியே."

இப்படி ஆறு வருஷம் போயிற்று. கார் ஓடத் தொடங்கிய பிறகு சாப்பாட்டு வேளையில் ஒரே பேச்சு, ரேடியேட்டர் சூடு. அந்தக் காரில் சூட்டைக் காட்டுகிற முள் ஒன்று உண்டு. நம் ஊர் வெயிலுக்கு அந்தச் சின்ன ரேடியேட்டர் தாங்காது. அதுவும் இங்கிலீஷ்காரன் கணக்கு, பாரன்ஹீட். நூற்றெண்பதில் இருந்தால் நல்லது, நூற்றுத் தொண்ணூறைத் தாண்டினால் ஏறிக்கொண்டே போய்க் கொதித்து நடுத்தெருவில் நின்றுவிடும். நான் ரசம் ஊற்றினால் இவர் அந்த முள்ளைப் பற்றிப் பேசுவார், மோர் ஊற்றினாலும் முள். அந்தக் காரில் என் உயிர் உள்ளவரைக்கும் கால் வைக்க மாட்டேன் என்று ஒரு நாள் மோர்க் கரண்டியை வைத்துவிட்டுச் சத்தியம் செய்தேன்.

ஸ்டீயரிங்கை யாரையும் தொடவிட மாட்டார், பொலினைத் தவிர. அவள் பிரான்சில், நாந்த்தில் வேலை பார்க்கிறாள். லீவில் வந்தால் அப்பாவும் மகளும் விடிந்ததும் லாஸ்பேட்டை ஏர்போர்ட் ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். வரும்போது இரண்டு பேர் மூக்கிலும் கரி இருக்கும்.

பொலினுக்குப் பாஸ்காலோடு கல்யாணம் நிச்சயமானது. காரைக்கால் பக்கத்துக் குடும்பம், நல்ல பையன், கார் பைத்தியம் கிடையாது என்று முதலிலேயே விசாரித்துவிட்டேன். தை மாதம், சம்பா கோயில் என்கிற எங்கள் மாதா கோயிலில் பூசை. காருக்கு வேக்ஸ் போட்டாயிற்று. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பாரிசிலிருந்து என் அண்ணன் தியரி வந்து இறங்குகிற வரைக்கும்.

இங்கே எங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்து வீட்டு வாசற்படி இறக்கி, கார் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து கோயில் வரைக்கும் கூட்டிப்போவது தாய்மாமன். கோயில் வாசலில் அவர் பெண்ணை அப்பாவிடம் ஒப்படைப்பார். அங்கிருந்து பீடம் வரைக்கும் அப்பா கையைக் கோத்துக்கொண்டு நடப்பார், பிரான்சில் செய்கிற மாதிரி. வாசல் வரைக்கும் தமிழ், வாசல் தாண்டினால் பிரெஞ்சு. இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. என் கல்யாணத்தில் அம்பாசிடர் காரில் நான், என் மாமா, மாமா பெண்டாட்டி, அவர்களின் மூன்று பிள்ளைகள், டிரைவர், அவர் மடியை ஒட்டிப் பூக்கூடையோடு ஒருத்தி. கல்யாணக் காரில் எத்தனை பேர் ஏறலாம் என்று நம் ஊரில் எவனும் எண்ணினதில்லை. ஏறுகிற வரைக்கும் ஏறலாம்.

தியரி அண்ணன் காரைச் சுற்றி வந்தார். நல்ல ஆகிருதி. பாரிசில் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், மெச்சினார்.

"பிரமாதம் மாப்ள. பொண்ணு இங்க உக்காரும். நீ ஓட்டுவ. நான் எங்க உக்கார்றது?"

செம்மல் காரைப் பார்த்தான். நான் காரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன், தினமும் தொட்டுத் துடைத்த காரை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிற மாதிரி இருந்தது. காரில் இரண்டே சீட்டு. ஆறு வருஷமாக இரண்டே சீட்டுதான்.

"மச்சான், நீங்க பின்னாடி வேற கார்ல..." என்று இவர் ஆரம்பித்தார்.

"வேற கார்லயா? பொண்ணு ஒரு கார்ல, தாய்மாமன் வேற கார்லயா? நான் என்னா, விருந்துக்கு வந்தவனா?"

"கோயில் வரைக்கும் நான் ஓட்டணும்னுதான் மச்சான் இத செஞ்சதே."

"கோயில் வாசல்லேர்ந்து உள்ள நீ கூட்டிட்டுப் போ. ஆரு வேணாம்னது? வூட்லேர்ந்து வாசல் வரைக்கும் என்னுது. அதுல கை வைக்காத மாப்ள."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அதுதான் தொல்லையே.

அண்ணன் ஒரு வழி சொன்னார். அவரே ஓட்டுவாராம். பாரிசில் அவ்வளவு பெரிய பஸ்ஸையே ஓட்டியவருக்கு இது ஒரு காரா? என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று, ஆனாலும் பெண்டாட்டியின் அண்ணனாயிற்றே, சாவியைக் கொடுத்தார். பாரிசில் ஸ்டீயரிங் இடது பக்கம், கியர் வலது கையில். இந்தக் காரில் எல்லாம் மாறி. அண்ணன் தெருவில் பத்தடி போனதும் கியர் மாற்ற வலது கையை நீட்டினார். அங்கே கியர் இல்லை, கதவுதான் இருந்தது. கதவு திறந்துகொண்டது. திறந்த கதவோடு கார் நேராக எதிர்வீட்டு சந்திரகலாவின் கோலத்தின்மேல் ஏறி, அவள் துளசி மாடத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சந்திரகலா கையில் கோலமாவோடு அசையாமல் நின்றாள். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன்.

அடுத்த வழியைச் செம்மல் சொன்னான். சீட்டுக்குப் பின்னால் மூடியில்லாத டிக்கியின் மேல்தகட்டில், ஊர்வலத்தில் உட்காருகிற மாதிரி மாமா உட்காரட்டும். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். காரின் பின்பக்கம் கீழே போயிற்று, தவளை மேலே வானத்தைப் பார்த்தது. டயரில் தகடு உரசியது.

"மாமா, நான் கல்யாணத்துக்குப் போறேனா, ஓட்டு கேக்கப் போறேனா?" என்றாள் பொலின்.

அதோடு பேச்சு நின்றது. அண்ணன் மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட வரவில்லை, ஓட்டலில் சாப்பிட்டார். சொந்தக்காரர்கள் போன் மேல் போன். தாய்மாமன் இல்லாமல் பெண் இறங்கினால் ஊர் என்ன பேசும் என்று ஒரு கட்சி, பெற்ற அப்பனைவிட மாமன் பெரியவனா என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் என்னிடம்தான் கேட்டார்கள். ஒருவர் என் அண்ணன், ஒருவர் என் புருஷன். நான் யாரைச் சொல்ல? அந்தக் கோழி அந்தக் காரிலேயே ஆயுசுக்கும் அடைகாத்துக்கொண்டு இருந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

வாடகைக்கு ஒரு பெரிய கார் பிடித்துவிடலாம், மூன்று பேரும் உட்காரலாம் என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். இவர் சரி என்று தலையாட்டினார். தலையாட்டிவிட்டு ஷெட்டுக்குப் போய்க் காருக்குப் பக்கத்தில் சும்மா நின்றார். துணியை எடுத்துத் துடைக்கவில்லை, ஸ்பேனரைத் தொடவில்லை. அதைப் பார்த்த பிறகு நான் வாடகைக் காரைப் பற்றிப் பேசவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அண்ணன் வந்தார். சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று காபி போட்டேன். அவர் நேராக ஷெட்டுக்குப் போய் அந்த இரண்டாவது சீட்டில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்து, ஹெட்லைட்டை எரியவிட்டு, பாரிசில் இருக்கிற அண்ணிக்கு வீடியோ காலில் காட்டினார். "இங்கதான் நான் உக்காரப் போறேன், நல்லா பாத்துக்க." பேசி முடித்துக் காபியைக் குடிக்காமலேயே போய்விட்டார். ஹெட்லைட்டை அணைக்கவும் இல்லை. அது எங்களுக்குத் தெரியாது. யாரோ பார்த்து அணைத்தபோது இரண்டு கண்ணும் மங்கிப்போய் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததாம். அதையும் யாரும் சொல்லவில்லை, கல்யாண வீட்டில் ஆளுக்கொரு வேலை.

காலையில் காரைப் பையன்கள் ஷெட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். தவளைக்கண் இரண்டுக்கும் நடுவில் மல்லிகைச் சரம். பேண்டு செட்டுக்காரர்கள் தயாராக நின்றார்கள். என் வீட்டுக்காரர் கோட்டு சூட்டு, மெடல் எல்லாம் குத்திக்கொண்டு டிரைவர் பக்கத்துக் கதவருகே சாவியோடு நின்றார். அண்ணனும் கோட்டு சூட்டு, அந்தப் பக்கத்துக் கதவருகே. வெளியே கைப்பிடி இல்லாததால் அண்ணன் கையை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார், விட்டால் யாராவது ஏறிவிடுவார்கள் என்று பயம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் நேராகத் தெருவைப் பார்த்தார்கள்.

பொலின் வெளியே வந்தாள். வெள்ளைப் பட்டு, தலையில் முக்காடு, கையில் பூச்செண்டு. தியரி அண்ணன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துப் படி இறக்கினார். அதற்குள் என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். அண்ணன் படியிலிருந்தே, "மாப்ள, கால எடு" என்றார். இவர் எடுக்கவில்லை. அண்ணன் ஒருக்களித்துக் காருக்கு வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். கார் நிறைந்துவிட்டது. கல்யாணப் பெண் தெருவில் நின்றாள்.

பேண்டு செட்டில் யாரோ சிரித்தார்கள்.

"பப்பா, மாமா, ரெண்டு பேரும் எறங்குங்க" என்றாள் பொலின். சத்தம் போடவில்லை. இரண்டு பேரும் இறங்கினார்கள். "பப்பா, சாவி."

இவர் கொடுத்தார். என் மகள் பூச்செண்டை என் கையில் திணித்து, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். தெருவே வாயைப் பிளந்தது. சட்டென்று என் வீட்டுக்காரரும் அண்ணனும் இப்போது மிச்சமிருந்த அந்த ஒரு சீட்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்தார்கள். கோட்டு கிழிகிற சத்தம் கேட்டது, யார் கோட்டு என்று பார்க்க நேரமில்லை.

"மம்மா, ஏறு."

"நானா? நான் மாட்டேன், சத்தியம் பண்ணிருக்கேன்."

"மம்மா. நேரமாவுது."

பூசைக்கு லேட்டானால் சாமியார் பெண் வரவில்லையே என்றுகூடப் பார்க்க மாட்டார், ஆரம்பித்துவிடுவார். அதைவிட, அவள் என்னைக் கூப்பிட்ட விதம். பள்ளிக்கூட வாசலில் என்னைக் கூப்பிட்ட அதே குரல். இவ்வளவு நாள் ஒரு சீட்டுக்கு இவ்வளவு சண்டை நடந்ததே, எனக்கு ஒரு இடம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. உள்ளே கையை விட்டுக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பொலின் ஸ்டார்ட்டரை இழுத்தாள். கார் ஒரு தடவை முனகியது. மறுபடி இழுத்தாள், அதுகூட இல்லை.

"பேட்டரி எறங்கிட்டுது" என்றான் செம்மல். "நேத்து ராத்திரி லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துச்சி." எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல், மாதாவைத் தேடுகிற மாதிரி எதிர்வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார், அங்கே துளசி மாடம்தான் இருந்தது.

"தள்ளுங்க" என்றாள் பொலின்.

என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். குனிந்து, மெடல் எல்லாம் தகட்டில் உரசத் தள்ளினார்கள். "மச்சான், அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்." "தள்றேன் மாப்ள, நீ மூச்சு வுடாத." கார் உருண்டது. பொலின் கிளட்சை விட்டாள், கார் ஒரு குதி குதித்து, இருமி, பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் தெரு நடுவில், கை இரண்டும் இன்னும் முன்னால் நீட்டியபடி, புகைக்குள் நின்றார்கள். பேண்டு செட்டு அப்போதுதான் வாசிக்க ஆரம்பித்தது, யாருக்கென்று தெரியவில்லை.

மணிக்கூண்டைத் தாண்டி மகாத்மா காந்தி ரோட்டில் போனோம். எல்லாரும் பார்த்தார்கள், இளநீர்க்காரர் அரிவாளை ஓங்கியபடியே பார்த்தார். முக்காடு பறந்தது, ஒரு கையால் அதைப் பிடித்தேன், ஒரு கையால் பூச்செண்டு. காற்று முகத்தில் அடித்தது. அப்படி ஒரு காற்று எனக்கு அடித்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரித்தேன்.

"மம்மா, நின்னா ஆஃப் ஆயிடும், மறுபடி தள்ள ஆளில்ல" என்றாள் பொலின்.

அஜந்தா சிக்னலில் சிவப்பு. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் எங்களைப் பார்த்தார். மணப்பெண் ஸ்டீயரிங்கில், அம்மா பூச்செண்டோடு, தவளை இரண்டு கண்ணும் முழித்துக்கொண்டு. பொலின் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து உறும விட்டுக்கொண்டே நின்றாள். அவர் என்ன நினைத்தாரோ, நாலு பக்கத்தையும் நிறுத்தி, சல்யூட் வைத்து எங்களை அனுப்பினார்.

கோயில் வாசலில் பாஸ்கால் வீட்டார் நின்றார்கள். பொலின் எஞ்சினை அணைக்கவில்லை, அப்பா வரட்டும் என்றாள். கொஞ்ச நேரத்தில் செம்மலின் டிவிஎஸ் மொபெட் வந்தது. செம்மல் ஓட்ட, பின்னால் என் வீட்டுக்காரர், அதற்கும் பின்னால் அண்ணன், மூன்று பேர். இரண்டு சூட்டுக்காரர்களின் கையும் முகமும் கரி. ஒரே சீட்டில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள், வேறு வழி?

என் வீட்டுக்காரர் இறங்கினார். மகளிடம் போவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் என் பக்கம் வந்து குனிந்தார். கண் கலங்கியிருந்தது. புகையால் என்று அவர் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"முள்ளு எங்க இருந்துச்சு இவோன்?"

நான் யோசிக்கவே இல்லை. வாயில் வந்துவிட்டது.

"நூத்தியெம்பதுலதான். சிக்னல்ல நின்னப்ப நூத்தியெம்பத்தஞ்சு போச்சு. நகந்ததும் எறங்கிட்டுது."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, இளநீர்க்காரரையும் போலீஸ்காரரையும் பார்த்த நேரம் போக மிச்ச வழி முழுக்க நான் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவர் நிமிர்ந்தார். பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். பொலினைப் பார்த்தார். அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு, அவர் கையை நீட்டக் காத்திருந்தாள்.

"அப்ப நல்லபடியா கூட்டியாந்துட்டேன்" என்றார்.

"நான் தள்ளலன்னா?" என்றார் அண்ணன் பின்னாலிருந்து.

ஓட்டியவள் பொலின், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான், அவர் வந்தது மொபெட்டில். இத்தனை வருஷத்தில் ஒரு பேச்சிலும் இவரை நான் ஜெயிக்க விட்டதில்லை.

"ஆமாங்க. நீங்கதான் கூட்டியாந்தீங்க" என்று சொல்லி, என் முந்தானையால் அவர் முகத்துக் கரியைத் துடைத்து அனுப்பினேன்.